வீட்டுக்காரர் பெயர்

அன்று அவன் பெயர் லோகேஸ்வரன். வங்கியின் பாதுகாப்பு அதிகாரி.

நேற்று ரூபேந்திரனாக இருந்தான். இந்தத் தொழிலில் சொந்தப் பெயரை யாரும் வெளியில் எடுப்பதில்லை. மலேசியாவின் ஸ்கூடாயில், அவர்கள் போன் போடும் கடைவீட்டு மாடியில், பக்கத்து நாற்காலிக்காரனுக்குக்கூட அது தெரியாது.

போனில் கோத்தா திங்கியிலிருந்து ராசம்மா. செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவள். வாழ்நாள் சேமிப்பு மொத்தமும் ஒரே கணக்கில் இருந்தது.

அதை யாரோ திருடப் பார்க்கிறார்கள் என்று அவன் சொன்னதும் பதறிப்போய்க் கேட்டதையெல்லாம் கொடுத்தாள். ஐசி என்கிற அடையாள அட்டையின் நம்பர், பிறந்த தேதி, வங்கிக் கார்டு நம்பர். கேட்காததையும் கொடுத்தாள். தனக்குச் சர்க்கரை இருப்பது, மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனது.

பாஸ்வேர்டு மட்டும்தான் பாக்கி.

“அது எங்க வீட்டுக்காரரு பேரு தம்பி. அத எப்படி என் வாயால சொல்றது?”

அவன் கெஞ்சினான். மிரட்டினான். முதல் எழுத்தையாவது சொல்லுங்கள் என்றான். தாலி ஏறிய நாளிலிருந்து சொல்லாத பெயராம். வங்கியே கேட்டாலும் வராதாம்.

கடைசியில் ஒரு துப்பு கொடுத்தாள்.

“தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறோமே, அந்தச் சாமி பேருதான்.”

அந்தச் சாமிக்குப் பெயருக்கா பஞ்சம்! முருகன் என்று அடித்தான். தப்பு. வேலன். அதுவும் தப்பு. இன்னொரு முறை தவறினால் கணக்கைப் பூட்டிவிடுவோம் என்றது திரை. “இன்னும் ஒரே ஒரு தடவதாம்மா இருக்கு!” என்று போனில் புலம்பினான்.

ராசம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. பாவம், யாரோ பெற்ற பிள்ளை, தன் பணத்துக்காக இப்படித் தவிக்கிறதே. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லூசியிடம் ஓடினாள். விஷயத்தைச் சொல்லி, போனை அவள் வாயருகே நீட்டினாள்.

லூசிக்கு நல்ல தொண்டை.

“தண்டபாணி லா! தண்டபாணி!”

அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். எழுந்த வேகத்தில் போனை அணைத்தான். சிம்மைப் பிடுங்கிப் பல்லால் கடித்து உடைத்தான்.

“டேய், பாஸ்வேர்டு கெடச்சிச்சா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் முதலாளி கனகராஜ்.

“அலமாக், ஓடுங்கண்ணே! ஐசியில இருக்கிற என் பேரச் சொல்லியே கூப்பிடுறாங்க!”