ரோசி குட்டி போட்ட அன்று

மூன்றாவது குட்டிக்குப் பிறகு ரோசி முக்குவதை நிறுத்திவிட்டது.

விடிய ஐந்து மணியிலிருந்து புளோறன்ஸும் கணவர் ஸ்ரனிஸ்லாஸும் பின்வளவுப் பன்றிக்கூட்டுக்குள் குந்தியிருந்தார்கள். இப்போது பத்து மணி. புளோறன்ஸுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

முழங்காலுக்கு மேல் வளராத சின்னச் சாதிப் பன்றி. துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்க்கும் ஸ்ரனிஸ்லாஸுக்கு, ஒரு கப்பல் சமையல்காரன் கொடுத்துவிட்டுப் போன சோடியின் வழியில் வந்தது. கறிக்கு வெட்டமாட்டோம் என்று மாதா மேல் சத்தியம் பண்ணுகிற வீடுகளுக்கு மட்டுமே குட்டி கொடுப்பார். குண்டு, சுற்றிவளைப்பு, தமிழ் வீடுகளுக்குப் பொலிஸ் பதிவு என்று கொழும்புக் கொட்டாஞ்சேனையே அலுத்துக் கிடந்த அந்த வருடத்திலும் அவருக்குப் பன்றிகளோடுதான் கதை.

அந்த நேரம் பார்த்துக் கேற்றடியில் ஜீப் வந்து நின்றது.

ஸ்ரனிஸ்லாஸ்தான் எழும்பிப் போனார். பதிவுத் துண்டு பார்க்க வந்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். இந்த மாதத்தில் இது மூன்றாம் தரம். பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு இன்ஸ்பெக்டரோடு திரும்பி வந்தார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மதிலில் வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். தேங்காய் எண்ணெய் கேட்டார்.

வென்னப்புவையில் தன் தகப்பன் வீட்டிலும் பன்றிதான் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே, எண்ணெய் பூசிய கையை உள்ளே விட்டு, குறுக்கே கிடந்த குட்டியைத் திருப்பி எடுத்தார். அதன் வாயில் இருந்த சளியை விரலால் வழித்தார். அது கத்தியது.

புளோறன்ஸுக்கு அழுகை வந்துவிட்டது. காக்கி உடுப்புக்காரனுக்காக மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

ஐந்தாவது தானாக வந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அதைத் துணியால் துடைத்தபடி பேசத் தொடங்கினார்.

நோஞ்சான் குட்டியை முன்முலையில் விடவேண்டும். கூர்ப்பற்களை இன்றைக்கே நறுக்கவேண்டும். மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி. கூடப்பிறந்ததுகளை ஒருபோதும் சோடியாகக் கொடுக்கக்கூடாது.

பத்து வருடமாகப் பன்றிக் காரியத்தில் அவளை அண்டவிடாத மனுசன்.

"எனக்கேன் இப்ப இதெல்லாம்? நீங்கள்தானே பார்க்கிறது" என்றாள் அவள் சலிப்போடு.

அவர் கோபப்படவில்லை. முதலில் இருந்து எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவள் ஊசியை மறந்துவிட்டாள். மறுபடியும் சொல்லிக்கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் ரோசியின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். கேற்றடியில் நின்ற கொன்ஸ்டபிள் இரண்டு தரம் எட்டிப் பார்த்தான். அவர் கையைக் காட்டி அவனை நிற்கச் சொன்னார்.

ஆறாவது குட்டியும் வந்தது. பின்னால் இளங்கொடியும் விழுந்தது.

புளோறன்ஸ் கிணற்றடியில் சவர்க்காரம் வைத்து இன்ஸ்பெக்டருக்குத் தண்ணீர் ஊற்றினாள். குட்டிகள் பால் மறந்ததும் வந்து பிடித்ததை எடுத்துக்கொண்டு போகும்படி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்.

அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஸ்ரனிஸ்லாஸின் பக்கம் திரும்பினார்.

"மஹத்தயா, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ."

ஸ்ரனிஸ்லாஸ் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

புளோறன்ஸ் வாளியைக் கீழே வைத்தாள்.

"அவரைக் கொண்டுபோகத்தான் வந்தனாங்கள், நோனா" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "கேற்றடியிலேயே சொல்லிப்போட்டன். பன்றி குட்டி போட்டு முடியும்வரைக்கும் நேரம் கேட்டவர்."

உள்ளே அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.