இரண்டு இழுப்பு

தண்ணீருக்கடியில் ஓடும் எந்திரத்தைச் செய்து முடித்ததும், முதல் நாள் அதற்குள் பேட்டரி வைக்கக் கூடாது. தண்ணீர் கசிந்தால் வீணாகிவிடும். பேட்டரியின் எடைக்கு ஈயக்கட்டி வைத்து மூடி, கேபிளில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும். கேபிள் பென்சில் பருமன்தான். ஆனால் நூற்றைம்பது கிலோ இழுத்தாலும் அறாது.

திருத்தணிக்கு வெளியே உள்ள கல்குவாரிக் குட்டையில் என் எந்திரத்தை அப்படித்தான் இறக்கினேன். கேபிளைப் பிடிக்கச் சொல்லிக் குவாரிக்காரர் வரதராஜனைக் கேட்டேன். நழுவாமல் இருக்க அவர் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சும் போட்டேன்.

போன வருடம் இதே குட்டைக்குள் மோட்டார் குழாயைச் சரிசெய்ய என் அண்ணன் ராஜீவ் இறங்கினான்; உயிரோடு மேலே வரவில்லை. அன்றும் மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் இவர்தான். அண்ணன் கீழிருந்து இரண்டு முறை இழுத்தால் தூக்க வேண்டும் என்பது பேச்சு. கயிறு அசையவே இல்லை என்று போலீசில் சொன்னார். அவர் போன் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஆட்கள் வாய் திறக்கவில்லை.

எந்திரம் அடியைத் தொட்டதும் கேபிள் தொய்ந்தது. பிறகு விறைத்தது.

"இன்னாம்மா, உன் மெஷின் இழுக்குது?"

"அதால முடியாதுங்க. பேட்டரி இங்க கீது." பையைத் திறந்து காட்டினேன்.

"இல்லம்மா, இழுத்துகினே கீது."

"எத்தினி வாட்டிங்க?"

"ரெண்டு ரெண்டா," என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "அவுத்து வுடும்மா."

அவர் செருப்பு தண்ணீரைத் தொட்டது. அடுத்து முழங்கால்.

நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.