வாடாத இலை

அவள் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் குமிழை மெல்லத் திருகினாள். திரையில் படம் தெளிந்தது.

தெளியாமலே இருந்திருக்கலாம்.

இலைச் செல்லின் சவ்வு சுவரை விட்டு விலகிச் சுருங்கிக் கிடந்தது. பசுங்கணிகங்கள் உப்பி, கிழிந்து, உள்ளடுக்குகள் கலைந்து போயிருந்தன. அடுத்த செல்லுக்கு நகர்த்தினாள்.

அதுவும் அப்படித்தான்.

பின்னால் ஜெபசிங் அண்ணன் நின்றிருந்தார். மலையிலிருந்து அந்த இலையைக் கொண்டுவந்தவர். காடெல்லாம் தேடி அவர்கள் குழு கண்டது ஒரே ஒரு செடியைத்தான். ஓடைப் பாறை இடுக்கில், உள்ளங்கை உயரம். ஓர் இலைக்கு மேல் கிள்ளக் கூடாது என்று எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொன்னவரும் அவர்தான். ஈரப் பஞ்சில் சுற்றி, ஐஸ் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

அவர் கொடுத்தபோது இலை விறைப்பாக இருந்தது.

அவளுக்குத் தெரியும். கைநீட்டி வாங்கியது அவள்.

வாங்கியதும் நறுக்கி, பதப்படுத்தும் மருந்தில் போட்டிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சம்மதம் சொல்லிவிட்டார்களாம். அம்மா அழுதாள், சிரித்தாள். இவளும்தான். பேசிவிட்டு வந்தபோது, மின்விசிறிக்குக் கீழே இலை துவண்டு கிடந்தது.

சத்தமில்லாமல் எடுத்து மருந்தில் போட்டாள்.

"நான் கொண்டாரும்போதே வாடிட்டோம்மா?" என்றார் அவர், இப்போது திரையைப் பார்த்தபடி.

இல்லை என்ற சொல் நாக்கு வரை வந்தது.

"இருக்கும்ண்ணே."

அவர் தலையாட்டிக்கொண்டார். "பஸ்ஸு ரொம்ப நேரம் வெயில்ல நின்னுட்டு. என் தப்புதான்." போகும்போது திரும்பிப் பார்த்தார். "நீ வருத்தப்படாத. நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வந்ததும் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

பிறகொரு காலை, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். முழங்கால் வரை சேறு. முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையாலும் ஒரு மண் தொட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார். அதில் உள்ளங்கை உயரத்தில் அந்த ஒற்றைச் செடி.

"இந்தத் தடவ வாடாதும்மா. வேரோடயே தோண்டிக் கொண்டாந்துட்டேன்."

அவள் எழுந்து, மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.