நோரா டீச்சருக்கு வழித்துணை

இதை எனக்கு முதலில் சொன்னவள் ரேச்சல். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கோயிலில் எல்லாருமாகப் பலகாரம் சுடும்போது, முறுக்கு அச்சைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

இது நடந்த சமயம் ரேச்சலுக்கு அவள் மைனி, அண்ணன் பெண்டாட்டி தேவமணி மேல் அப்படி ஒரு கோபம்.

காரணம் இல்லாமல் இல்லை. ரேச்சலின் அண்ணன் பொன்னுதுரை இறந்ததிலிருந்து தேவமணி வீட்டு கேட்டைத் தாண்டவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் மஸ்கட்டில். ஏழு மாதம்! ஞாயிறு ஆராதனைக்குக்கூட வரவில்லை. பாஸ்டர் ஐயாதான் வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்தார்.

"கோயிலுக்காவது வாங்க மைனி" என்று ரேச்சல் வாராவாரம் ஆட்டோவோடு வந்து நிற்பாள்.

"முடியலளா. நீ போயிட்டு வா. எனக்கும் சேத்து ஜெபம் பண்ணு."

அப்படிப்பட்ட மைனி, மாடியில் குடிவந்த அயர்லாந்துக்காரி கூப்பிட்டதும் கிளம்பிவிட்டாள்!

நோரா, பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவள். கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் கல்யாணம், காதுகுத்து, அசனம் என்கிற கோயில் விருந்து என்று எல்லாவற்றுக்கும் அவளை அழைப்பார்கள். அவள் படியிறங்கி வந்து தேவமணி முன்னால் நிற்பாள்.

"ஆன்ட்டி, எனக்கு வழி தெரியாது. பஸ் தெரியாது. தனியாகப் போகப் பயம். நீங்கள் கூட வருவீர்களா?"

முதல் சனிக்கிழமை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை. அடுத்தது சண்முகத்தாய் டீச்சர் மகள் கல்யாணம். மூன்றாவது வாரம் சாயர்புரம் பக்கம் ஒரு கோயில் அசனம். நோரா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கறிக்குழம்பும் சோறும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாளாம். "காரம், பாத்து டீச்சர்" என்று தேவமணி பக்கத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொடுத்தாளாம்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"வருஷம் திரும்பல. அதுக்குள்ள வெள்ளைக்காரியோட ஊர் சுத்துதா!"

"கல்யாண போட்டோவுல சிரிக்கால்லா, பாத்தியா?"

ரேச்சலைச் சுட்டது ஊர்ப்பேச்சு இல்லை. தான் மாசக்கணக்காகக் கெஞ்சியும் வராதவள், எவளோ கூப்பிட்டால் போகிறாளே என்பதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ரேச்சல் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். திருச்செந்தூரிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து நோரா இறங்கினாள். தனியாக!

இறங்கினவள், மூட்டையோடு தவித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் போனாள்.

"அம்மா, இது சாயர்புரம் போகாது. அந்த பஸ் அங்கன நிக்கி. ஓடுங்க, எடுக்கப் போறாரு!"

"நல்லாருப்ப தாயி!"

ரேச்சல் காதில் எல்லாம் விழுந்தது. வழி தெரியாதாம்! பஸ் தெரியாதாம்! இவளை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகவே வைக்கலாம் போலிருக்கிறதே!

நேரே ஒரு ஆட்டோ பிடித்தாள். இன்றைக்கு இந்தப் பொய்யை உடைத்து, மாடியைக் காலி பண்ண வைக்காமல் வீடு திரும்புவதில்லை.

தேவமணி சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மைனி! அந்த டீச்சர் உங்களை நல்லா ஏமாத்துதா. தனியா பஸ்ல வந்து இறங்குதா. நம்ம ஊர்க்காரிக்கே வழி சொல்லுதா. என் கண்ணால பாத்தேன்!"

தேவமணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மெதுவாப் பேசு. அவ வார நேரம்."

"வரட்டுமே! மூஞ்சிக்கு நேரயே கேக்கேன்."

"எனக்குத் தெரியும்ளா."

"என்ன தெரியும்?"

"எல்லாம். அசனத்துக்குப் போனோம்லா, அன்னைக்கே தெரியும். கண்டக்டர் அவளைப் பாத்து, 'என்ன டீச்சர், எப்பவும் தனியா வருவிய, இன்னைக்குத் தொணைக்கு ஆளா?'ன்னு கேட்டாரு. அவ பதறிப்போயி அவருக்குக் கண்ணைக் காட்டுனா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

"பின்னயும் ஏன் மைனி அவகூடப் போறிய?"

தேவமணி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீ கூப்பிட்டப்பல்லாம், பாவம் மைனின்னு எனக்காகக் கூப்பிட்ட. உன் பாசம் எனக்குத் தெரியாதா? ஆனா கால் எந்திரிக்கல. அவ வந்து, எனக்குப் பயமா இருக்கு, நீங்க வாங்கன்னு நின்னா. கடல் தாண்டி வந்த பிள்ளையைத் தனியா விடலாமான்னு கெளம்பிட்டேன். நானும் ஒருத்திக்கு வேணும்னு இருந்துச்சு ரேச்சல். உங்க அண்ணன் போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் எனக்குச் சோறு ருசிச்சுது. கர்த்தர் எங்க இருந்து யாரை அனுப்புதாரு பாத்தியா?"

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. நோரா வாசலில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, சனிக்கிழமை மணப்பாடு போக வேண்டும். எனக்கு பஸ் தெரியாது…"

ரேச்சல் வாயைத் திறந்தாள். நோராவின் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

"நான் இருக்கேம்லா, பயப்படாதிய டீச்சர்" என்றாள் தேவமணி.

நோரா சந்தோஷமாக மாடியேறிப் போனாள். தேவமணி ரேச்சலின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சனிக்கிழமை நீயும் எங்ககூட வாளா. அவ வழி கேட்டா, ஒண்ணும் தெரியாத பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி நிதானமாச் சொல்லிக் குடு. என்ன?"