ககாரின் குதித்த கதை

கயத்தாறுக்கு ஒரு மைல் முன்னால், சங்கரபாண்டியின் ஜீப் ரோட்டுக்குக் குறுக்கே வந்து நின்றது. கோவில்பட்டியிலிருந்து வந்த மூன்று சக்கரக் கார் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டிவந்த வன்னியபெருமாளுக்குப் பக்கத்தில், அரக்குப் பட்டுச் சேலையை முக்காடாக இழுத்துவிட்டு ஒருத்தி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சேலை சங்கரபாண்டி எடுத்துக் கொடுத்தது. தங்கை மகள் மாரித்தாய்க்கும் தன் மகனுக்கும் வெள்ளிக்கிழமை கல்யாணம் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். பெண்ணை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“எறங்குட்டி கீழ! தாய்மாமன் மவனை விட்டுட்டு ராக்கெட் வேலையா பாக்கப் போறே?”

முக்காடு அசையவில்லை. வன்னியபெருமாள்தான் பேசினார்.

“திருவனந்தபுரத்துப் பக்கம் தும்பா ராக்கெட் நிலையத்துல கெடைச்ச வேலை மச்சான். நாளைக்குக் காலையில எம் மக அங்கன நிக்கலைன்னா, அந்த எடம் வேற ஆளுக்குப் போயிரும்.”

“போவட்டுமே! எவனாவது ஆம்பளை பாத்துட்டுப் போறான்.”

வன்னியபெருமாள் இந்த வட்டாரத்தில் யாரிடமும் இல்லாத வண்டி வேண்டும் என்று பெங்களூர் வரை போய் அந்தக் காரை வாங்கி வந்தவர். முன்னால் ஒரே சக்கரம், இன்ஜின் பின்னால். போன வருஷம் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் தலையில் விழப்போகிறது என்று ஊரே ஆடு கோழியை அறுத்துத் தின்று தீர்த்தபோது, ‘நம்ம பக்கம் வராதுவே’ என்று கரிசல் காட்டில் கட்டிலைப் போட்டுத் தூங்கினார். ஊர் அவரைக் கிறுக்கன் என்றது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

“இந்தத் தவளை வண்டியில ஓடிரலாம்னு பாத்தீராக்கும்? பத்து ஊரு ஆளுக்கும் இது தெரியுமே மாப்ளே!”

“தெரியணும்லா மச்சான்.”

சங்கரபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. “எந் தங்கச்சி ராமலட்சுமி நேத்தே ஆள் விட்டுட்டா. ‘மாரித்தாயை கார்ல வச்சு, கயத்தாறு வழியா கூட்டிட்டுப் போறாவ’ன்னு. அவ எங்க ரத்தம்வே! விடிஞ்சதுலேர்ந்து இந்த டீக்கடையிலதான் காத்துக் கெடக்கேன்.”

வன்னியபெருமாள் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார்.

“மொத மொதல்ல வானத்துக்குப் போன ககாரின் இருக்காரே, அவரு ராக்கெட்டுல போன கூண்டுக்குள்ள இருந்தபடியே தரையில எறங்கலை மச்சான். ஏழு கிலோமீட்டர் உசரத்துலயே வெளிய வந்து, தனியா பாராசூட்டுல எறங்கிட்டாரு. கூண்டு வேற எடத்துல தொப்புன்னு விழுந்துச்சு. அவரு அதுக்குள்ளதான் வந்தாருன்னு உலகமே ரொம்ப வருசம் நம்பிக்கிட்டு இருந்துச்சு.”

“ஒம்ம கிறுக்கை வீட்டுல வச்சுக்கிடும்!” சங்கரபாண்டி ஆத்திரத்தோடு சுற்றி வந்து காரின் கதவைத் திறந்தார்.

உள்ளே இருந்தவள் தானாகவே முக்காட்டை விலக்கினாள்.

ராமலட்சுமி.

“ஏட்டி… நீயா? மாரித்தாய் எங்க?”

“விடியக்காலம் கழுகுமலை பஸ்ஸுல ஏத்திவிட்டோம்,” என்றார் வன்னியபெருமாள். “சங்கரன்கோவில், செங்கோட்டை எல்லாம் தாண்டி, இந்நேரம் திருவனந்தபுரத்துல எறங்கியிருப்பா.”

வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. ஒரு பகல் முழுக்க டீக்கடையில் போனது அப்போதுதான் சங்கரபாண்டிக்கு உறைத்தது. தங்கை பக்கம் திரும்பினார். “நீதானட்டி எனக்கு ஆள் விட்டே?”

அண்ணன் முன்னால் இதுவரை தலை நிமிர்ந்து பேசியறியாத ராமலட்சுமி, காரை விட்டு இறங்கி அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

“ஆமாண்ணே. வண்டியையும் ரோட்டையும் மட்டும் மாத்திச் சொன்னேன்.”