அமுக்கு, பிடி, விடு

"அமுக்கு," என்றான் சிவநேசன், காருக்கு அடியில் படுத்தபடி. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி இந்திராணி பிரேக்கை மிதித்தாள். "பிடிச்சுக்க... ம், விடு." பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டுமாம். போன வாரம், மெக்கானிக்குக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும் என்று, வீடியோ பார்த்துத் தானே பிரேக் ஆயிலை மாற்றினான். நேற்றுப் பள்ளிக்கூட இறக்கத்தில் அவன் எவ்வளவு மிதித்தும் கார் நிற்கவில்லை. வேப்பமரம்தான் நிறுத்தியது. மகளின் நெற்றியில் தையல். "சின்னக் காயம்தான, சும்மா புலம்பாத," என்றான் ஆஸ்பத்திரியிலேயே. அப்போது கடித்த பல்லை அவள் இன்னும் தளர்த்தவில்லை.

அவன் எழுந்து கையைத் துடைத்தான். "பக்காவா ஆயிடுச்சு. பாப்பாவக் கூப்பிடு, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

"பக்காவா?"

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

இந்திராணி சாவியைத் திருகினாள். இன்ஜின் உறுமியது. "அப்ப நீங்க போய் அந்தச் சுவத்துல சாஞ்சு நில்லுங்க. நான் வேகமா வந்து நிறுத்துறேன்."

சிவநேசன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சுவரைப் பார்த்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

இந்திராணி ஹாரனை அமுக்கினாள். கையை எடுக்கவேயில்லை.