ஒன்பது வீட்டுக்காரர்

ஆர்க்கிடெக்ட் செண்பகவல்லியின் ஆபீசில் சுண்டுவிரல் நகத்தளவு பிளாஸ்டிக் மனிதர் ஒருவர் இருந்தார். அட்டையில் மாதிரி வீடு செய்து முடித்ததும், கதவு எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவர்களுக்குப் புரிவதற்காக அவரை வாசலில் ஒட்டிவைப்பாள். அடுத்த வேலை வந்தால் பெயர்த்தெடுத்து அங்கே ஒட்டுவாள்.

அவருக்கோ ஒட்டின வீடெல்லாம் சொந்த வீடு.

"இது எனக்கு ஒன்பதாவது. பழைய சுவரை இடிக்காம மாடி எடுக்கச் சொன்னதே நான்தான்" என்று பக்கத்து மரத்திடம் அளப்பார். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் வெட்டிய மரம் அது.

"பத்திரம் யார் பேர்லண்ணே இருக்கு?" என்று மரம் கேட்கும்.

"நாருக்கு எதுக்குப்பா பத்திரம் பத்தின பேச்சு?"

ஒரு திங்கட்கிழமை இருவரையும் பெயர்த்துப் புது மாதிரியில் ஒட்டினாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை. மனிதர் வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

பசை காயும்வரை பொறுத்திருந்த மரம் மெல்லக் கேட்டது: "அண்ணே, உங்க தலைக்கு மேல எழுதியிருக்கிறதைப் பாத்தீங்களா?"

"கழுத்து திரும்பாதே. என்ன, என் பேரா?"

"'ஆண்கள்'னு போட்டிருக்கு. இது பொதுக் கழிப்பறை."

மனிதருக்கு ஓடலாமென்றால் கால் ஒட்டிக்கொண்டிருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வீடு எவன் வேணும்னாலும் கட்டுவான். ஊருக்குன்னு ஒண்ணு கட்டிக்கொடுக்க மனசு வேணும்ல? கல்வெட்டை மட்டும் கண்ணுல படுற இடமா பாத்து வைக்கச் சொல்லு."